வெயில் இல்லாத நிழல்: ஓபெத் ஏன் மாறியது?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. ‘பிளாக்வாட்டர் பார்க்’ போன்ற ஆல்பத்தைத் தந்த ஸ்டாக்ஹோம் நகரத்து இசைக்குழு ஓபெத், 2011இல் திடீரென்று, கனத்த ராக் வகையான டெத் மெட்டலின் உறுமல் குரலைக் கைவிட்டு 1970களின் ப்ரோக்ரெசிவ் ராக் பக்கம் போனது ஏன்? அது வளர்ச்சியா, சறுக்கலா? இன்று புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்குவது?

இதில் ‘திடீரென்று’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குழுவைக் கேட்டுவருகிறேன். நடுவில் கோபித்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததும் உண்டு. கோபம் தணிந்து பழைய ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டபோதுதான் புரிந்தது, ப்ரோக்ரெசிவ் ராக் இவர்கள் வீட்டுக்கு 2011இல் வந்த விருந்தாளி இல்லை என்று. முதல் நாளிலிருந்தே அது பின்கட்டில் குடியிருந்தது. 2011இல் நடந்ததெல்லாம் முன்கட்டில் இருந்த மெட்டலைக் காலி செய்யச் சொன்னதுதான். எதையோ புதிதாகச் சேர்த்ததால் வந்த மாற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். இது கழித்ததால் வந்த மாற்றம். கழித்தபோது கூடவே ஒன்று தொலைந்தது. அதைத் தேடி எடுக்க அவர்களுக்குச் சில ஆல்பங்கள் ஆயின. என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

பின்கட்டில் இருந்ததற்குச் சாட்சி கேட்டால் நிறையவே இருக்கிறது. குழு 1990இல் உருவானது. விரைவிலேயே அதன் மூளையாகவும் குரலாகவும் ஆகிவிட்ட மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் அப்போதே பழைய இசைத்தட்டுகளின் பின்னால் அலைபவர். 1998இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயரான ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ என்பதே, கோமஸ் என்ற ஆங்கில நாட்டார் ராக் குழுவின் 1971ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த வரி. அடுத்த ஆல்பத்துக்கு வைத்த ‘ஸ்டில் லைஃப்’ என்ற பெயரில் ஆங்கிலக் குழுவான வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் 1976இலேயே ஓர் ஆல்பம் போட்டிருக்கிறது. ‘பிளாக்வாட்டர் பார்க்’ என்பது 1972இல் ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்டு மறைந்துபோன ஜெர்மானிய ராக் குழுவின் பெயர். உறுமல் குரலும் இரட்டை பேஸ் டிரம்முமாக உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அட்டைப்படத்தில் இப்படி வாக்குமூலம் எழுதிவைத்திருந்தார் மனிதர். நாங்கள்தான் படிக்கவில்லை.

பெயர்களோடு நின்றுவிடவில்லை. 1996இல் வந்த ‘மார்னிங்ரைஸ்’ ஆல்பத்தின் ‘பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்’ 20 நிமிடப் பாடல். டெத் மெட்டல் பாடல்கள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிட்ட காலம் அது. 1969இல் கிங் கிரிம்சன் முதல் ஆல்பத்தைப் போட்டதிலிருந்து யெஸ், ஜெனசிஸ், கேமல், ஜெத்ரோ டல் போன்ற ஆங்கிலக் குழுக்கள் வளர்த்த ப்ரோக்ரெசிவ் ராக்கின் இலக்கணமே அந்த நீளம்தான். சரணமும் பல்லவியும் மாறிமாறி வரும் கட்டமைப்பை உதறிவிட்டு, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பது. தாளக்கட்டை நடுவழியில் மாற்றுவது. கிட்டாருக்குச் சமமாகக் கீபோர்டையும் புல்லாங்குழலையும் உட்காரவைப்பது. ஓபெத் இதில் முதல் இரண்டையும் முதல் நாளே எடுத்துக்கொண்டது. மூன்றாவது மட்டும் மெல்ல வந்தது.

பழைய ஓபெத் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் மாற்றத்தின் விலை தெரியாது.

1999இன் ‘ஸ்டில் லைஃப்’ ஒரு கதை ஆல்பம். நம்பிக்கையற்றவன் என்று ஊரால் துரத்தப்பட்டவன், மெலிண்டா என்ற பெண்ணுக்காக ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். முதல் பாடல் ‘த மூர்’ தூரத்திலிருந்து நடந்துவருவதுபோல மெல்ல மேலே எழும் கிட்டாரோடு தொடங்கும், பிறகு இடி. ஊர்மேல் உள்ள ஆத்திரம் உறுமலில் வருகிறது. ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’ பாடலுக்கு வரும்போது உறுமல் அறவே இல்லை. டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் வருடுகிறார்கள். பேஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு போகிறது. ஓக்கர்ஃபெல்ட் கிட்டத்தட்ட காதருகில் பாடுகிறார். பாதிக்கு மேல் கிட்டார்கள் கனத்து எழும்போதும் குரல் மட்டும் தெளிவாகவே நிற்கும். இந்தப் பாடலைத் தனியாக எடுத்துக் கேட்டால் அழகான பாடல், அவ்வளவுதான். ஆல்பத்தில் அது இருக்கும் இடத்தில், முந்தைய பாடல்களில் அப்படி உறுமிய ஒருவன் இந்தப் பெண்ணின் முன்னால் குரலைத் தாழ்த்துகிறான் என்று தெரிந்து கேட்டால், தொண்டை அடைக்கும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பழைய ஓபெத்தின் முழு ரகசியமும் அந்தப் பழமொழிதான்.

உறுமலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியாட்கள் அதைக் கத்தல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பரவாயில்லை. ஆனால் அதன் இசைப் பலன் என்ன என்று ரசிகர்களே யோசிப்பதில்லை. உறுமலில் ராகம் பாட முடியாது. சுருதி என்று சொல்லத்தக்க ஒன்று அதில் அநேகமாக இல்லை. அது தாளமும் கனமும் மட்டும் உள்ள ஒரு குரல். அதனால் மெட்டைச் சுமக்கும் பொறுப்பு கிட்டார்களுக்குப் போய்விடுகிறது. பழைய ஓபெத்தில் இரண்டு கிட்டார்களும் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். உறுமலை எடுத்துவிட்டால் குரல் மட்டும் மாறுவதில்லை. மெட்டு கிட்டாரிலிருந்து குரலுக்கு இடம்பெயர்கிறது. கிட்டார் வழிவிட வேண்டியதாகிறது. கிட்டார் விலகிய இடத்தில் கீபோர்டும் பேஸும் வந்து உட்கார்கின்றன. சீட்டுக்கட்டு வீட்டில் அடிச்சீட்டை உருவியதுபோல. 2011இல் ‘வெறும் குரலைத்தானே மாற்றினார்கள்’ என்று சமாதானம் சொன்னவர்களுக்குத் தர அப்போது எனக்கு இந்தப் பதில் தெரியவில்லை.

மாற்றத்துக்கு ஒத்திகை ஒன்று முன்னமே நடந்தது. 2001இன் ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக வந்தவர் ஸ்டீவன் வில்சன், இங்கிலாந்தின் பார்குபைன் ட்ரீ குழுவின் தலைவர்; ப்ரோக்ரெசிவ் ராக்கின் புதிய தலைமுறை. அடுத்து இரண்டு ஆல்பங்களை ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். 2002இல் வந்த ‘டெலிவரன்ஸ்’ அவர்களுடைய மிகக் கனமானவற்றில் ஒன்று. 2003இல் வந்த ‘டாம்னேஷன்’ ஆல்பத்தில் ஒரு உறுமல்கூட இல்லை. முழுக்க மென்குரல், மென்கிட்டார், மெலோட்ரான்.

மெலோட்ரானைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது மின்னணுவால் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் இல்லை. பார்க்க ஆர்கன்போல இருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா. வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ கோரஸ் குரல்களோ அந்தந்தச் சுரத்தில் முன்பே பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் 8 நொடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதை மறுபடி தொடக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். எனவே ஒரு சுரத்தை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. 8 நொடிக்குள் வேறு சுரத்துக்கு நகர்ந்தாக வேண்டும். நாடா ஓடும் வேகமும் துல்லியமாக இராது, லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில்தான் 1970களின் சோகம் முழுவதும் இருக்கிறது என்பேன். உண்மையான வயலின்கள் அழகாக அழும். மெலோட்ரான் வயலின்கள் அழுததை நினைத்துப் பார்ப்பதுபோல ஒலிக்கும்.

‘டாம்னேஷன்’ வந்தபோது யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். மெட்டலே இல்லாத ஆல்பத்தை மெட்டல் ரசிகர்கள் மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். ஏன்? பக்கத்தில் ‘டெலிவரன்ஸ்’ நின்றுகொண்டிருந்தது. நிழல் இந்தத் தட்டில், வெயில் அந்தத் தட்டில். கணக்கு சரியாக இருந்தது.

பிறகு பெர் விபெர்க் கீபோர்டுக்கு வந்து குழுவில் நிரந்தரமானார். 2005இன் ‘கோஸ்ட் ரெவரீஸ்’ ஆல்பத்தில் ஆர்கனும் மெலோட்ரானும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லோப்பஸும், நெடுநாள் கிட்டார் துணையான பீட்டர் லிண்ட்கிரெனும் அடுத்தடுத்து விலகினார்கள். மார்ட்டின் ஆக்ஸென்ராட்டும் ஃப்ரெட்ரிக் ஓக்கெசனும் வந்தார்கள். 2008இன் ‘வாட்டர்ஷெட்’ ஆல்பத்தில் ‘பர்டன்’ என்ற பாடல் இருக்கிறது. அது 1970களின் நடுவில் வந்திருக்க வேண்டியது. தெரியாமல் முப்பது ஆண்டு தாமதித்துவிட்டது. அதன் முடிவைக் கவனியுங்கள். தனிக்கிட்டார் ஒன்று அமைதியாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் முறுக்காணிகளைத் திருகித் திருகிச் சுருதியைத் தளர்த்துகிறார்கள். சிறுகச்சிறுக மெட்டு கோணலாகி, கேட்கச் சகிக்காத நிலைக்குப் போய் நின்றுவிடும். அழகாக ஒரு பாடலைக் கட்டி முடித்துவிட்டு அதன் கழுத்தைத் திருகுவது. அப்போது விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது கேட்டால், ஒரு பாணியில் சலிப்புத் தட்டியவரின் கை என்று தோன்றுகிறது.

2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். தலையை ஆட்டிய ஆட்டத்தில் இரண்டு நாள் கழுத்து வலி. அன்று மேடையில் நின்ற குழு இன்னும் இரண்டே ஆண்டுகளில் உறுமலை மூட்டைகட்டி வைத்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2010 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருபதாம் ஆண்டு நிறைவுக் கச்சேரி. ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். பின்னோக்கிப் பார்த்தால் அது வழியனுப்பு விழா.

அடுத்த ஆல்பத்துக்கு ஓக்கர்ஃபெல்ட் முதலில் பழைய பாணியில்தான் இரண்டு பாடல்கள் எழுதினார். அதே உறுமல், அதே கனம். உருகுவேயில் பிறந்த பேஸ் கலைஞர் மார்ட்டின் மெண்டெஸிடம் பேசும்போது, இதே வழியில் இன்னோர் ஆல்பம் என்றால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்ற பொருளில் மெண்டெஸ் சொல்லிவிட்டார். ஓக்கர்ஃபெல்ட் எழுதியதைத் தூக்கிப் போட்டார். இந்தச் சம்பவத்தை அவர் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். புதிய மெட்டல் இசை தன்னை அசைப்பதில்லை என்பதையும் அந்த நாட்களில் அவர் மறைக்கவில்லை. மனம் ஒட்டாமல் உறுமியிருந்தால் ‘வாட்டர்ஷெட்’ இரண்டாம் பாகம் ஒன்று கிடைத்திருக்கும். ரசிகர்களும் வாங்கியிருப்பார்கள்.

‘ஹெரிடேஜ்’ 2011 செப்டம்பரில் வந்தது. பதிவு செய்த இடத்தைச் சொன்னாலே பாதி விளங்கும்: ஸ்டாக்ஹோமின் அட்லாண்டிஸ் ஸ்டூடியோ. பழைய பெயர் மெட்ரோனோம். சுவீடனின் பாப் குழுவான அப்பா (ABBA) ‘வாட்டர்லூ’ பாடலைப் பதிவு செய்த இடம். ஒலிக்கலவை வில்சன் செய்தார். அட்டைப்படத்தில் ஒரு மரம். கிளைகளில் பழங்களாகக் குழுவினரின் முகங்கள். வேருக்கடியில் நரகம், முன்னாள் உறுப்பினர்களின் மண்டை ஓடுகள். ஒரு முகம் மட்டும் கிளையிலிருந்து விழுந்துகொண்டிருக்கும். அது விபெர்க். பதிவு முடிந்த கையோடு அவர் விலகிவிட்டார்.

எனக்கு இசைத்தட்டு கூரியரில் வந்தது. போட்டால் தனிப் பியானோ. இரண்டு நிமிடம் வெறும் பியானோ. உறையைத் திருப்பிப் பார்த்தேன், சரியான தட்டுதான். அந்தப் பியானோவுக்குப் பின்னால் இருப்பவர் யான் யோஹான்சன் என்பது பிறகுதான் தெரிந்தது. சுவீடனின் நாட்டார் பாடல்களைப் பியானோவும் பேஸும் மட்டும் வைத்து ஜாஸ் ஆக்கி 1964இல் ஓர் ஆல்பம் போட்டவர்; அந்த நாட்டில் அந்த மெட்டுகள் தெரியாத வீடு குறைவு. ‘பாரம்பரியம்’ என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டு முதல் இரண்டு நிமிடத்தில் ஓக்கர்ஃபெல்ட் கும்பிட்டது ஆங்கிலேயக் குழுக்களை இல்லை, தன் ஊர்க்காரரை. அதை வாசித்தவர் விபெர்க்குக்குப் பதில் வந்த யோவாகிம் ஸ்வால்பெர்க்.

பிறகு ‘த டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ வந்தது. ஆர்கன், உடைந்து உடைந்து ஓடும் தாளம், அழுக்கு குறைந்த கிட்டார், தெளிவான குரல். உறுமல் இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான்காவது பாட்டு ஓடும்போது அம்மா அறைக்கதவைத் திறந்து, “இன்றைக்குத்தான் உன் பாட்டு காது கொடுத்துக் கேட்கும்படி இருக்கிறது” என்றார். நிலைமை கைமீறிவிட்டது என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது மேடையிலும் உறுமல் இல்லை. பழைய பாடல்களில் மென்மையானவற்றை மட்டும் பொறுக்கி வாசித்தார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் கொதித்தார்கள். புதியதைக்கூட மன்னிக்கலாம், பழையதையும் பறித்துக்கொண்டால்? அடுத்த ஆண்டே கனமான பாடல்கள் மேடைக்குத் திரும்பிவிட்டன.

‘காசுக்காக மாறிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. எட்டு நிமிடம் ஓடும், நடுவில் புல்லாங்குழல் பேயாட்டம் ஆடும் பாடலை யார் காசுக்காகச் செய்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் சொல்வது ‘ஃபேமின்’. வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் இருந்த பெரு நாட்டுத் தாளக் கலைஞர் அலெக்ஸ் அக்குன்யாவின் கைகளோடு தொடங்கி, தனிப் பியானோவுக்கு நழுவி, பின்னர் இருண்ட கிட்டாரும் சுவீடனின் மூத்த கலைஞர் பியோர்ன் யேசன் லிண்டின் புல்லாங்குழலும் மோதிக்கொள்ளும். விற்கிற சரக்கு இல்லை இது.

சரி, ‘ஹெரிடேஜ்’ நல்ல ஆல்பமா? இன்றைக்கு என் கணிப்பு: துணிச்சலானது, ஆனால் குறையுடையது. பழைய ஓபெத் பாடல்களிலும் பகுதிக்குப் பகுதி ஒட்டுகள் உண்டு. ஓர் அலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவார்கள். கிட்டாரின் கனம் அந்த ஒட்டின்மேல் சாந்து பூசி மறைத்துவிடும். ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் சாந்து இல்லை, செங்கல் பல்லிளிக்கிறது. ஓர் அருமையான யோசனை ஒரு நிமிடம் வரும், மௌனம், தொடர்பே இல்லாத இன்னோர் அருமையான யோசனை. எதிர்முனைக்கு வைத்திருந்த உறுமலைக் கழித்தபோது தொலைந்தது வெயில். அதற்குப் பதிலாக மௌனத்தை எதிர்முனையாக நிறுத்திப் பார்த்திருக்கிறார். அந்த முயற்சி சில இடங்களில் மட்டும் பலிக்கிறது. ‘ஃபோக்லோர்’ பாடலின் கடைசி இரண்டு நிமிடம் அப்படிப் பலித்த இடம். அங்கே ஆல்பம் முழுவதும் அடக்கிவைத்தது மொத்தமாக நிமிர்கிறது.

ஒன்றை மட்டும் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். கிட்டாரின் இரைச்சல் தணிந்ததில் மெண்டெஸின் பேஸ் முதல்முறையாக முழுசாகக் காதில் விழுந்தது. டெத் மெட்டலில் வளர்ந்த ஆக்ஸென்ராட், ஜாஸ்காரரைப்போல ஓரங்களில் மெல்லத் தட்டித் தட்டி வாசித்தார். இவ்வளவு நாள் இந்த இரண்டு பேரும் சுவருக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2012இல் ஓக்கர்ஃபெல்ட்டும் வில்சனும் சேர்ந்து ‘ஸ்டார்ம் கரோஷன்’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் செய்தார்கள். மெட்டலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் அதையும் திருப்பித் தர இடம் தேடினார்கள். அதே ஆண்டு ஓக்கர்ஃபெல்ட் பிளட்பாத் என்ற டெத் மெட்டல் குழுவிலிருந்தும் விலகினார்.

2014இன் ‘பேல் கம்யூனியன்’ வந்தபோதுதான் எனக்குப் பேச்சுவார்த்தை திரும்பியது. வேல்ஸ் நாட்டில் பண்ணைவீட்டுக்குள் இருக்கும் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவு செய்தது. குவீன் குழு ‘போஹீமியன் ராப்சடி’யின் பகுதிகளைப் பதிவு செய்த இடம், மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட்டும் அங்கே பதிவு செய்திருக்கிறது. ‘ஹெரிடேஜ்’ விட்டுவைத்த கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: எதிர்முனைக்கு மெட்டைத்தான் நிறுத்த வேண்டும். முதல் பாடல் ‘எடர்னல் ரெய்ன்ஸ் வில் கம்’ இரண்டு நிமிடத்துக்கு மேல் கருவிகளாலேயே முறுக்கிக்கொண்டே போகும். பிறகு அடுக்கடுக்கான குரல்கள் சேர்ந்து ஒரே வீச்சில் திறக்கும். உறுமலுக்குப் பின்னால் தெளிந்த குரல் வரும்போது கிடைத்த அதே விடுதலை, வேறு வழியில். கடைசிப் பாடல் ‘ஃபெய்த் இன் அதர்ஸ்’ தந்தி வாத்தியக் கூட்டத்தோடு வருகிறது. இத்தாலியப் பேய்ப்பட இசைக்குப் பேர்போன கோப்ளின் குழுவுக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு பாட்டும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.

2016இன் ‘சார்சரஸ்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனமும் மென்மையும் இரண்டும் உண்டு, ஏனோ சேரவில்லை.

2019இன் ‘இன் காடா வெனேனம்’ வேறு கதை. தலைப்பு லத்தீன், ‘விஷம் வாலில்’ என்று பொருள். ஓக்கர்ஃபெல்ட் முதல்முறையாக முழு ஆல்பத்தையும் தாய்மொழியில் எழுதினார். ஆங்கிலப் பதிப்பையும் சேர்த்து வெளியிட்டார்கள். பாடியதுதான் இரண்டு, இசை ஒன்றே. சுவீடிஷ் எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அந்தப் பதிப்பைத்தான் கேட்கிறேன். ஆங்கிலத்தில் அவர் பாடும்போது எப்போதும் ஒரு கோட்டு போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சுவீடிஷில் கோட்டைக் கழற்றிவிடுகிறார். மெய்யெழுத்துகள் தாளத்தில் சரியாக விழுகின்றன. ‘இதயம் அறியும் கை செய்வதை’ என்று பொருள்படும் பாடலில் அவர் உச்சக் குரலில் கிழிகிற இடம் ஒன்று உண்டு. உறுமலும் இல்லை, தெளிந்த பாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. 2011இலிருந்து தேடியது அங்கே தொண்டைக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு சொல். இந்தப் பாதையில் போனவர்கள் ஓபெத் மட்டுமில்லை. லிவர்பூலின் அனதீமா குழு, மெதுவாகவும் கனமாகவும் நகரும் டூம் மெட்டலில் தொடங்கி, ஆல்பம் ஆல்பமாகக் கனத்தை இறக்கிவைத்து, கடைசியில் மெட்டலின் சாயலே இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் மாஸ்டடான் குழு 2009இல் ‘கிராக் த ஸ்கை’ ஆல்பம் மூலம் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது. ஓபெத் மீது மட்டும் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், மற்றவர்கள் படிப்படியாக இறங்கினார்கள். இவர்கள் மாடியிலிருந்து குதித்தார்கள்.

இப்போது கடைசித் திருப்பம். ஆக்ஸென்ராட் 2021இல் விலகினார். ஃபின்லாந்துக்காரரான வால்தெரி வைரினென் டிரம்ஸுக்கு வந்தார். 2024 நவம்பரில் ‘த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வெளியானது. உறுமல் திரும்பியிருந்தது, 16 ஆண்டுகளுக்குப் பிறகு.

‘ரசிகர்களுக்கு அடிபணிந்துவிட்டார்’ என்று இந்த முறை எதிர்முகாமிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. ஆல்பத்தை உட்கார்ந்து கேட்டால் அப்படித் தோன்றாது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்கார வீடு. தகப்பன் இறந்துவிட்டார். இரட்டைப் பிள்ளைகளும் போலியோவால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் உயில் வாசிப்பைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பாடலைத் தவிர எதற்கும் பெயர் கிடையாது. உயிலின் பத்திகள்போல எண் மட்டும். உறுமல் பெரும்பாலும் அந்த இறந்த தகப்பனின் வாயாகவே என் காதுக்கு விழுகிறது. செத்தும் பிள்ளைகளை அதட்டும் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை. ‘ஸ்டில் லைஃப்’ ஆல்பத்தில் ஊர்மேல் கோபம் கொண்டவனுக்கு அது எப்படி ஒரு பாத்திரத்தின் குரலோ, அப்படியே இங்கும். கூடவே, ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் வந்து கதைசொல்லியாகப் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஓக்கர்ஃபெல்ட் இளவயதில் யாருடைய தட்டுகளைத் தேடி அலைந்தாரோ அவர், உறுமல் குரலுக்குப் பக்கத்து நாற்காலியில். பின்கட்டும் முன்கட்டும் சேர்ந்து ஒரே கூடமாகிவிட்டது.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் இல்லாமல் இந்த ஆல்பம் சாத்தியமில்லை என்பதுதான் ‘வளர்ச்சியா, சறுக்கலா’ என்ற இரண்டாம் கேள்விக்கு என் பதில். சறுக்கல்கள் உண்டு, பெயர் சொல்லிவிட்டேன். ஆனால் குரல்களை அடுக்கவும், தந்திகளை எழுதவும், ஒட்டுத் தெரியாமல் பகுதிகளைச் சேர்க்கவும் அவர் கற்றது உறுமலை ஒதுக்கிவைத்திருந்த அந்தக் காலத்தில்தான். 2008இல் உறுமிய குரலைவிட 2024இல் உறுமும் குரலுக்கு வேலை குறைவு, அதனாலேயே அது வரும்போது பயமாக இருக்கிறது.

தொடங்குவது எங்கே என்று கேட்டீர்கள். உறுமல் ஒத்துவராது என்றால் ‘டாம்னேஷன்’, அடுத்து ‘பேல் கம்யூனியன்’. மெட்டலிலிருந்து வருபவர் என்றால் ‘பிளாக்வாட்டர் பார்க்’, பிறகு நேரே 2024. ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதை முதலில் கேட்டு ஓடிப்போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். இரண்டு முகாமிலும் சேராதவர் என்றால் ‘ஸ்டில் லைஃப்’ எடுத்துக்கொண்டு முதல் பாடலிலிருந்து ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’ முடியும் வரை, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். நடுவில் சத்தம் அதிகம் என்று தோன்றும், ஒலியளவைக் குறைக்கக் கை போகும். தொடாதீர்கள். மெலிண்டா வரும்போது அதே அளவில் இருக்க வேண்டும்.